எலியின் சிரிப்பும் எந்திரத்தின் காதும்

2019 ஜனவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலிருந்து ஒரு செய்தி வந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெவின் காஃபி, ரஸ்ஸல் மார்க்ஸ், ஜான் நியூமையர் ஆகிய மூவர், எலிகளின் குரலைத் தானாகவே கண்டுபிடித்து வகை பிரிக்கும் ஒரு கணினி மென்பொருளை உருவாக்கி, ‘நியூரோசைக்கோஃபார்மகாலஜி’ என்ற ஆய்விதழில் அதைப் பற்றி எழுதியிருந்தார்கள். மென்பொருளின் பெயர் ‘டீப்ஸ்குவீக்’. ஆழ்கற்றல் என்று நாம் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கும் கணினி முறையின் ஆங்கிலப் பெயரில் பாதியையும், கீச்சொலிக்கான ஆங்கிலச் சொல்லையும் ஒட்டவைத்த பெயர். பத்திரிகைகளுக்குக் கேட்கவா வேண்டும்? எலிகள் என்ன பேசிக்கொள்கின்றன என்பது இனி நமக்குப் புரிந்துவிடும் என்கிற தோரணையில் கட்டுரைகள் வந்தன. இரண்டு வாரத்தில் எல்லோரும் மறந்தும் போனார்கள்.

மறந்திருக்க வேண்டிய செய்தியல்ல அது. நியூமையரின் ஆய்வகம் மன அழுத்தமும் போதைப் பழக்கமும் மூளையை என்ன செய்கின்றன என்று ஆராய்கிற இடம். வேடிக்கைக்காக எலிகளின் பேச்சை ஒட்டுக்கேட்க அவர்கள் கிளம்பவில்லை. ஒரு போதை மருந்து உடம்புக்குள் போனபோது அந்தப் பிராணிக்கு எப்படி இருக்கிறது, அது தீர்ந்துபோனபோது எப்படி இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு வழி தேடினார்கள். அந்த வழி எவ்வளவு தூரம் நம்பகமானது, எங்கே சறுக்குகிறது என்பதுதான் இக்கட்டுரையின் விஷயம். போதைப் பழக்கத்திற்கு மருந்து தேடும் முயற்சியில் கணிசமான பகுதி இன்றும் எலிக்கூண்டில்தான் தொடங்குகிறது. அங்கே எது ‘இன்பம்’, எது ‘துன்பம்’ என்று பெயர் சூட்டுகிறோமோ அது பல வருஷங்கள் கழித்து ஒரு மனிதனின் உடம்பில் மாத்திரையாகப் போய்ச் சேர வாய்ப்பிருக்கிறது.

முதலில் அந்த ஒலிகள். மனிதக் காதுக்கு ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். வயது ஏற ஏற மேல்வரம்பு இறங்கிக்கொண்டே வரும் என்பதைப் பாடப் புத்தகம் அவ்வளவாகச் சொல்வதில்லை. எலிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதில் பெரும்பகுதி இந்த 20,000-க்கு மேலே நடக்கிறது. கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அங்கே அமைதி நிலவுவதாகத்தான் தோன்றும். ஆய்வக எலிகள் மீயொலி எழுப்புகின்றன என்று 1954இல் ஜே. டபிள்யூ. ஆண்டர்சன் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். 1956இல் ஜெர்மனியில் ஸிப்பீலியஸ், ஷ்லைட் என்ற இருவர், கூட்டிலிருந்து பிரிந்துபோன சுண்டெலிக் குஞ்சுகள் இப்படித்தான் தாயைக் கூப்பிடுகின்றன என்று காட்டினார்கள்.

இங்கே ஒரு சொல் விளக்கம். ஆங்கிலத்தில் ‘ராட்’, ‘மவுஸ்’ என்று தனித்தனியாக இருக்கும் இரண்டு இனங்களை நாமும் எலி, சுண்டெலி என்று பிரித்தே வைத்திருக்கிறோம். ஆனால் தமிழ்ச் செய்திகளில் இரண்டும் எலியாகிவிடுகின்றன. இந்த விஷயத்தில் அந்தக் குழப்பம் ஆபத்தானது. எலிக்கு இரண்டு தனித்தனி அலைவரிசைகள் உண்டு. சுண்டெலிக்கு அந்தப் பிரிவினை கிடையாது. ஒன்றைப் பற்றிச் சொன்னதை மற்றதன் தலையில் ஏற்றக்கூடாது.

எலியின் முதல் அலைவரிசை 22 கிலோஹெர்ட்ஸைச் சுற்றி அமைந்தது. ஏற்ற இறக்கம் இல்லாத நீண்ட ஒலி. ஒரே மூச்சில் ஒரு விநாடி, இரண்டு விநாடிகூட நீளும். பூனையைக் கண்டால், சண்டையில் தோற்றால், வலித்தால், மின்னதிர்ச்சி வரப்போகிறது என்று தெரிந்தால் இது வரும். இரண்டாவது 50 கிலோஹெர்ட்ஸைச் சுற்றியது. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு, அதற்கும் குறைவு என்று தெறிக்கிற குட்டிக் குட்டி ஒலிகள். சில தட்டையாக இருக்கும். சில ஏறும், இறங்கும். சில நம் பாடகர்களின் கமகம் போல நடுங்கும். விளையாட்டு, கலவி, உணவு வரும் நேரம் போன்ற சந்தர்ப்பங்களில் இவை அதிகம். இரண்டுமே குரல் நாண் அதிர்ந்து வருபவையல்ல, குரல்வளைக்குள் உண்டாகும் ஒருவகைச் சீழ்க்கை. ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசிக்க வைத்தபோது ஒலியின் சுருதி உயர்ந்ததை வைத்து 1970களிலேயே இதை ஊகித்துவிட்டார்கள். நாண் அதிர்ந்து வரும் ஒலியாக இருந்தால் அடிப்படைச் சுருதி அப்படி நகராது.

50 கிலோஹெர்ட்ஸ் ஒலியை உலகப் புகழ் பெறச் செய்தவர் யாக் பாங்க்செப். எஸ்டோனியாவில் 1943இல் பிறந்து, அகதிக் குடும்பத்துப் பிள்ளையாக அமெரிக்கா வந்து சேர்ந்தவர். ஒஹாயோ மாநிலத்தின் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது, 1990களின் பிற்பகுதியில், அவரும் அவரது மாணவர் ஜெஃப் பர்க்டார்ஃபும் எலிகளின் கழுத்திலும் வயிற்றிலும் கிச்சுகிச்சு மூட்டிப் பார்த்தார்கள். வௌவால் ஒலியைக் கேட்கும் கருவியை வைத்துக் கேட்டால் 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி மழையாகக் கொட்டியது. கையை எடுத்தால் எலிகள் அந்தக் கையைத் தேடி ஓடி வந்தன. இது சிரிப்பின் பூர்வீக வடிவம் என்று பாங்க்செப் சொன்னார். ‘சிரிப்பு’ என்ற சொல்லைக் கேட்டதும் சக விஞ்ஞானிகள் பலர் முகம் சுளித்தார்கள். மிருகங்களுக்கு உணர்ச்சி உண்டு என்று சொல்வதே அன்று அந்தத் துறையில் அவ்வளவு மரியாதையான காரியமல்ல. 2017இல் அவர் காலமாகும்போது நிலைமை வெகுவாக மாறியிருந்தது. 2016இல் பெர்லினின் ஹும்போல்ட் பல்கலைக்கழகத்தில் இஷியாமாவும் பிரெக்டும், கிச்சுகிச்சு மூட்டும்போது எலி மூளையின் எந்தச் செல்கள் துடிக்கின்றன என்றே பதிவு செய்து காட்டிவிட்டார்கள்.

போதை ஆராய்ச்சிக்காரர்களுக்கு இதில் ஏன் இவ்வளவு ஆர்வம் என்று பார்ப்போம். 1954இல் - ஆண்டர்சனின் கட்டுரை வந்த அதே வருஷம் - மாண்ட்ரீயலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலிகளின் மூளைக்குள் மின்கம்பி வைத்து, ஒரு விசையை அழுத்தினால் அந்த இடத்தில் லேசான மின்சாரம் பாயும்படி செய்தார்கள். எலிகள் விடாமல் அழுத்தித் தள்ளின. அன்று முதல் விசையழுத்தம்தான் அளவுகோல். மணிக்கு எத்தனை முறை அழுத்தியது, கொக்கெய்னுக்காக எத்தனை முறை, ஹெராயினுக்காக எத்தனை முறை என்று எண்ணினால் போதும். ஆனால் எண்ணிக்கை ‘எவ்வளவு’ என்று சொல்லுமே தவிர ‘ஏன்’ என்று சொல்லாது. ஒரு மனிதர் தினமும் மாலையில் மதுக்கடைக்குப் போகிறார். சந்தோஷத்துக்காகப் போகிறாரா, போகாவிட்டால் கை நடுங்குகிறது என்பதற்காகப் போகிறாரா? கடைக்காரரின் கணக்குப் புத்தகத்தில் இரண்டும் ஒன்றுதான்.

எலியின் குரல் அந்த வித்தியாசத்தைக் காட்டிக்கொடுக்கும் என்ற நம்பிக்கைதான் இந்தத் துறையின் மூலதனம். நம்பிக்கைக்கு ஆதாரங்களும் இருக்கின்றன. மூளையில் நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற சிறு பகுதி, டோப்பமின் என்னும் ரசாயனம் விளையாடும் களம். அங்கே ஆம்ஃபெட்டமினைச் செலுத்தினால் 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி பெருகுகிறது என்று பாங்க்செப் குழுவினர் 2001இல் காட்டினார்கள். எதிர்ப்பக்கத்தை, அதாவது 22 கிலோஹெர்ட்ஸுக்குப் பின்னாலிருக்கும் மூளைச் சுற்றை, கனடாவின் செயின்ட் கேத்தரின்ஸ் நகரிலுள்ள பிராக் பல்கலைக்கழகத்தில் ஸ்டெஃபான் புருட்ஸின்ஸ்கி பல காலமாக ஆராய்ந்து வந்தார். அங்கே டோப்பமின் அல்ல, அசிட்டைல்கோலின்தான் எஜமான் என்பது அவர் முடிவு. டொராண்டோவிலிருந்து நயாகராவைப் பார்க்கப் போகும் நம்மவர்கள் அந்த ஊரைத் தாண்டித்தான் போகிறார்கள்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது 2014இல் வெளிவந்த, நியூஜெர்ஸியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் பார்க்கர், மார்க் வெஸ்ட் குழுவினர் செய்த பரிசோதனை. தானே விசையை அழுத்திக் கொக்கெய்ன் எடுத்துக்கொள்ளும் எலி, கண்டபடி அழுத்துவதில்லை. உடம்பில் மருந்து ஒரு மட்டத்தில் நிற்கும்படி இடைவெளி விட்டு விட்டு அழுத்தும். ஆய்வாளர்கள் அந்த மட்டம் எட்டாதபடி எலியைக் கீழேயே பிடித்து வைத்தார்கள். கொக்கெய்ன் அறவே இல்லாத நிலையல்ல அது. மருந்து உடம்பில் இருக்கிறது. ஆனால் அந்த எலி தனக்கு வேண்டும் என்று வைத்திருந்த அளவுக்கு இல்லை. 22 கிலோஹெர்ட்ஸ் ஒலி கேட்கத் தொடங்கியது. மருந்து உடலில் இருக்கும்போதே துயரக் குரல்! ஒவ்வொரு இன்பத்துக்கும் பின்னால் அதற்கு எதிரான ஒரு விசை மூளையில் எழுகிறது, பழகப் பழக இன்பம் குறைந்து எதிர்விசை ஓங்குகிறது என்று சாலமன், கார்பிட் என்ற இருவர் 1974இல் ஒரு கொள்கை சொல்லியிருந்தார்கள். அந்தக் கொள்கைக்கு எலியின் வாயிலிருந்தே ஒரு சாட்சி கிடைத்த மாதிரி இருந்தது. விசையழுத்தத்தை மட்டும் எண்ணியிருந்தால் இது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

சரி, குரலைக் கேட்பதில் என்ன கஷ்டம்? உழைப்புதான் கஷ்டம். மீயொலியைப் பதிவு செய்ய விநாடிக்கு 2,50,000 மாதிரிகள் எடுப்பது வழக்கம். இசைக் குறுந்தகடுக்கு 44,100 போதும். ஒரு கூண்டின் ஒரு மணி நேரம் இரண்டு ஜிகாபைட்டை நெருங்கிவிடும். பத்து எலிகளை ஒரு மாதம் பதிவு செய்தால் என்ன ஆகும் என்று வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். பிறகு அந்த ஒலியை ஸ்பெக்ட்ரோகிராம் என்னும் படமாக மாற்ற வேண்டும். இடமிருந்து வலம் நேரம், கீழிருந்து மேல் அலைவரிசை. ஒலி இருக்குமிடத்தில் ஒரு கீற்று. ஒரு பட்டதாரி மாணவர் திரையின் முன் உட்கார்ந்து இந்தக் கீற்றுகளை ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். இது எலியின் குரல், இது தண்ணீர்க் குழாயில் பல் பட்ட சத்தம், இது நகம் கம்பியில் உரசியது என்று பிரிக்க வேண்டும். 2010இல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் ரைட், பால் கிளார்க் குழுவினர் 50 கிலோஹெர்ட்ஸ் ஒலிகளை மட்டுமே 14 வகைகளாகப் பிரித்தார்கள். அரும்பணிதான். ஆனால் 14 வகைகளை நாள் முழுக்கக் கண்ணால் பார்த்துப் பிரிப்பவருக்குக் காலையில் இருந்த கண் மாலையில் இருக்குமா?

ஆகவே கணினி. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் மதுவையும் கொக்கெய்னையும் ஆராய்ந்துகொண்டிருந்த கிறிஸ்டின் துவோஷெல் குழு 2013இல் ‘வேவ்ஸ்’ என்ற நிரலைக் கொண்டுவந்தது. 2017இல் சுண்டெலிகளுக்காக ‘மியூபெட்’ வந்தது. இதன் பின்னால் இருந்தவர்களில் ஒருவர் தெற்கு கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஸ்ரீகாந்த் நாராயணன். சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போனவர், மனிதப் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கும் துறையில் பெரிய பெயர். மனிதக் குரலுக்காகச் செய்து வைத்திருந்த கருவிகளை எலியின் அலைவரிசைக்கு ஏற்றபடி மாற்றிக்கொண்டார்கள்.

டீப்ஸ்குவீக் செய்தது வேறு மாதிரியான தந்திரம். புகைப்படத்தில் கார் எங்கே, நாய் எங்கே, மனிதன் எங்கே என்று கண்டுபிடித்துச் சதுரம் போடுவதற்காக உருவான நரம்பு வலைப்பின்னல் முறை ஒன்று உண்டு. ஸ்பெக்ட்ரோகிராமும் ஒரு படம்தானே! அந்த முறையிடம் படத்தைக் கொடுத்து, குரல் இருக்குமிடத்தில் சதுரம் போடு என்று பழக்கினார்கள். கேட்கும் வேலையைப் பார்க்கும் வேலையாக மாற்றியதுதான் இதில் அழகு. இன்னொரு வலைப்பின்னல் அந்தச் சதுரங்களில் சத்தம் எது, குரல் எது என்று வடிகட்டும். பிறகு வடிவம், நீளம், சுருதி ஆகியவற்றை வைத்து வகை பிரிக்கலாம். எந்த வகைக்குப் பின் எந்த வகை வருகிறது என்று ‘இலக்கணம்’ பார்க்கலாம். நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும்படி இலவசமாக வெளியிட்டார்கள். 2021இல் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து ‘வோக்கல்மாட்’ வந்தது. வேறு சிலவும் வந்துவிட்டன.

இதுவரை சொன்னது சாதனை. இனிச் சங்கடங்கள்.

எந்திரம் கீற்றைக் கண்டுபிடிக்கிறது. கீற்றின் பொருளைக் கண்டுபிடிப்பதில்லை. பொருளை நாம் முன்பே எழுதி வைத்துவிட்டோம் - 22 என்றால் துன்பம், 50 என்றால் இன்பம். இந்தச் சமன்பாடு பெரும்பாலும் சரி, எப்போதும் சரியல்ல. ஆண் எலி கலவி முடிந்ததும் ஓய்ந்து கிடக்கும்போது நீண்ட 22 கிலோஹெர்ட்ஸ் ஒலி எழுப்புகிறது என்று 1972லேயே பார்ஃபீல்டும் கேயரும் எழுதிவிட்டார்கள். அது துயரமா, ‘கொஞ்ச நேரம் என்னை விடு’ என்ற அறிவிப்பா என்று ஐம்பது வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அதே போல், கூட இருந்த எலியைப் பிரித்துவிட்டால் தனித்துவிடப்பட்ட எலி 50 கிலோஹெர்ட்ஸில் தட்டையான ஒலிகளை எழுப்புவது உண்டு. ஜெர்மனியின் மார்புர்க்கில் வோர், ஷ்வார்ட்டிங் ஆகியோர் காட்டியது இது. அது சிரிப்பல்ல, ‘எங்கே இருக்கிறாய்?’ என்று கூப்பிடுவது போலத்தான் தெரிகிறது. வகை பார்க்காமல் 50-ஐ மட்டும் கூட்டி எண்ணினால் தனிமையின் கூப்பாடு ஆனந்தக் கணக்கில் வரவாகிவிடும்.

வகை பார்த்தால் தீர்ந்துவிடுமா? அங்கே இன்னொரு வம்பு. எத்தனை வகை? மியூபெட்டில் எத்தனை வகை வேண்டும் என்ற எண்ணை ஆய்வாளரேதான் தர வேண்டும். 2021இல் ட்யூக் பல்கலைக்கழகத்தில் கோஃபினெட், பியர்சன் முதலியோர், முன்கூட்டியே எந்த வகையும் சொல்லாமல் சுண்டெலிக் குரல்களைக் கணினியிடம் கொடுத்துப் பார்த்தார்கள். தனித்தனிக் கும்பல்களாகப் பிரியாமல் குரல்கள் ஒன்றிலிருந்து ஒன்றாக நழுவிக்கொண்டே போயின. வானவில்லில் எங்கே பச்சை முடிந்து நீலம் தொடங்குகிறது என்று கோடு போடச் சொன்ன கதைதான்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ‘கடல்’, ‘தங்கம்’, ‘பகல்’ - மூன்றிலும் நமக்கு ஒரே ‘க’தான். வேற்று மொழிக்காரர் மூன்று வேறு ஒலிகள் என்று சத்தியம் செய்வார். இரண்டு பேரும் சரிதான்; ஏனென்றால் எழுத்து என்பது ஒலியில் மட்டும் இல்லை, கேட்பவனின் மொழியில் இருக்கிறது. எலிக்கு 14 எழுத்தா, 40 எழுத்தா, எழுத்தே இல்லையா என்பதை எலியின் காதுதான் சொல்ல வேண்டும். அதற்கு, ஒலியைப் போட்டுக்காட்டி எலி எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கும் பரிசோதனைகள் இருக்கின்றன. அவை மெதுவாக நடக்கிறவை. எண்ணும் மென்பொருள் ஓடுகிற வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாதவை.

அடுத்த சங்கடம் இன்னும் ஆழமானது. 2010இல் அதே ஆஸ்டின் குழு ஒன்றைக் கவனித்தது. கொக்கெய்னுக்குப் பழகிய எலியை அந்தப் பெட்டிக்குள் வைத்ததும், மருந்து கிடைப்பதற்கு முன்பே, 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி தொடங்கிவிடுகிறது. நாளுக்கு நாள் பெருகுகிறது. வார இறுதியில் இடைவெளி விட்டுத் திரும்ப வைத்தால் இன்னும் அதிகம் என்றும் அதே வருஷம் எழுதினார்கள். இது என்ன? இன்பம் என்றால் இன்னும் ஒரு துளி மருந்துகூட உள்ளே போகவில்லையே. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டெர்ரி ராபின்சனும் கென்ட் பெர்ரிட்ஜும் 1993இலிருந்து வலியுறுத்தி வருவது, வேட்கை வேறு, துய்ப்பு வேறு என்பது. போதையில் வேட்கை வளர்ந்துகொண்டே போகும். துய்ப்பு நின்ற இடத்தில் நிற்கும் அல்லது தேயும். டோப்பமின் பெரும்பாலும் வேட்கையின் ரசாயனம் என்பது அவர்கள் கட்சி. 50 கிலோஹெர்ட்ஸ் ஒலியோ டோப்பமினோடு ஒட்டிப் பிறந்தது. அப்படியானால் நாம் ‘மகிழ்ச்சி’ என்று பெயர் எழுதி ஒட்டிய பெட்டிக்குள் இருப்பது மகிழ்ச்சியா, ஏக்கமா? இந்த இரண்டையும் பிரித்து ஆயிரக்கணக்கான பாடல்கள் எழுதிய மொழி நம்முடையது. ஆனால் மென்பொருளின் அட்டவணையில் இரண்டுக்கும் ஒரே பத்திதான்.

இது வெறும் சொற்சண்டை அல்ல. ஒரு புது மருந்தைக் கொடுத்து 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி குறைந்தால் அந்த மருந்து வேட்கையைத் தணித்தது என்று சொல்லலாம். அல்லது பிராணியின் சந்தோஷத்தையே அணைத்துவிட்டது என்றும் சொல்லலாம். முதலாவது என்றால் மருந்தகத்துக்குப் போகலாம். இரண்டாவது என்றால் குப்பைக்கூடை.

மூன்றாவது சங்கடம் எந்தப் போதை என்பது. இந்தக் குரல் அளவுகோல் நன்றாக வேலை செய்வது ஆம்ஃபெட்டமின், கொக்கெய்ன் போன்ற ஊக்கிகளில். 2012இல் இத்தாலியில் நிக்கோலா சிமோலா குழுவினர் பல மருந்துகளை ஒப்பிட்டபோது, ஊக்கிகளுக்குக் கொட்டிய 50 கிலோஹெர்ட்ஸ் மழை மார்ஃபினுக்கோ நிக்கோட்டினுக்கோ அப்படிக் கொட்டவில்லை. மார்ஃபினை எலிகள் விரும்பவில்லை என்று யாரும் சொல்ல முடியாது; விசையை அழுத்தித் தேடி எடுத்துக்கொள்கின்றன. ஆனால் ‘சிரிக்கவில்லை’. இன்று நாம் வாழும் நாடுகளில் ஆட்களைக் கொல்வது எது என்று பார்த்தால் இதன் கனம் தெரியும். அமெரிக்காவில் 2023இல் போதை மருந்து அளவு மீறி இறந்தவர்கள் ஏறக்குறைய 1,05,000 பேர். 2024இல் அது 80,000 அளவுக்கு இறங்கியது பெரிய ஆறுதலாகப் பேசப்பட்டது. கனடாவில் 2016இலிருந்து அபினி வகை மருந்துகளால் இறந்தவர்கள் 50,000-ஐத் தாண்டிவிட்டார்கள். இரண்டு நாடுகளிலும் முக்கிய எமன் ஃபெண்டனில், மார்ஃபினின் இனம். மிகத் துல்லியமாகக் கேட்கக் கற்றுக்கொண்ட கருவிக்கு, நாம் மிகவும் கேட்க வேண்டிய இடத்தில் 50 கிலோஹெர்ட்ஸில் கேட்பதற்கு அதிகமில்லை. துயரத்தின் 22 கிலோஹெர்ட்ஸ் இங்கே கூடுதலாக உதவலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மருந்து விலகும்போது வரும் வேதனைதான் அபினி அடிமையை ஓட்டும் சாட்டை.

எலியின் சிரிப்பை நம்பி ஒரு மருந்து மனிதர்கள் வரை போன கதையும் உண்டு, போதைக்கல்ல, மனச்சோர்வுக்கு. பாங்க்செப்பின் மாணவர் பர்க்டார்ஃப் பின்னர் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஜோசஃப் மாஸ்கலுடன் சேர்ந்து வேலை செய்தார். மாஸ்கல் உருவாக்கிய ‘ராப்பாஸ்டினெல்’ என்ற மருந்துக்கு ஆதரவாக எலிகளிடம் காட்டிய சான்றுகளில் 50 கிலோஹெர்ட்ஸ் ஒலியும் ஒன்று. அந்த மருந்தை வைத்திருந்த நோரெக்ஸ் நிறுவனத்தை 2015இல் அலர்கன் 56 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2019 மார்ச்சில், டீப்ஸ்குவீக் வெளிவந்து இரண்டே மாதத்தில், மூன்று பெரிய மனிதப் பரிசோதனைகளிலும் ராப்பாஸ்டினெல் வெற்று மருந்தைவிட மேலாக எதுவும் செய்யவில்லை என்று அறிவித்தார்கள். எலியின் குரல் மட்டும்தான் ஏமாற்றியது என்று நான் சொல்லவில்லை. மனச்சோர்வு மருந்துகளில் இத்தகைய தோல்வி சகஜம். எலி சிரித்தது என்பதற்கும் மனிதன் எழுந்து உட்கார்ந்தான் என்பதற்கும் இடையில் உள்ள தூரத்துக்கு இது ஒரு மைல்கல்.

இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது வேறொன்று. ஒரே மைக்கின் கீழ் இரண்டு எலிகள் இருந்தால் எந்த ஒலி எதனுடையது என்று சொல்வது கடினம். வாயும் அசைவதில்லை. பல மைக்குகளை வைத்துத் திசை பார்க்கும் முறைகள் இருக்கின்றன, ஆனால் செலவும் சிரமமும் அதிகம். ஆகவே போதைப் பரிசோதனைகளில் வசதியான ஏற்பாடு, ஒரு பெட்டிக்கு ஒரு எலி. எலியோ கூட்டத்தில் வாழும் பிராணி. 1970களின் கடைசியில் கனடாவின் சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் புரூஸ் அலெக்சாண்டர், எலிகளைக் கூட்டமாக, விளையாட இடம் கொடுத்து, ஒரு பெரிய அடைப்பில் விட்டார். தனிக்கூண்டு எலிகளைவிட அவை மிகக் குறைவாகவே மார்ஃபின் தண்ணீரைக் குடித்தன. அந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு ஒரே மாதிரியான முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் 2018இல் பால்டிமோரில், அமெரிக்க அரசின் போதை ஆய்வு நிறுவனத்திலேயே, மார்க்கோ வென்னிரோவும் யவின் ஷஹாமும் இன்னும் கறாராகச் செய்த பரிசோதனையில், போதை மருந்தா, கதவு திறந்து இன்னொரு எலியோடு சற்று நேரமா என்று தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, ஹெராயினுக்குப் பழகிய எலிகள்கூட ஏறக்குறைய எப்போதும் தோழமையைத்தான் தேர்ந்தெடுத்தன. அப்படியிருக்க, நமது துல்லியமான மென்பொருள்கள் கேட்டுக் கேட்டுப் பழகியிருப்பது பெரும்பாலும் தனிமைப்பட்ட எலியின் குரலை. அதில் எவ்வளவு கொக்கெய்ன், எவ்வளவு தனிமை?

இந்தக் கேள்விகளுக்கு இப்போது ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. புது மருந்துகளுக்கு விலங்குப் பரிசோதனை கட்டாயம் என்ற விதியை 2022 டிசம்பரில் அமெரிக்கச் சட்டம் தளர்த்தியது. 2025 ஏப்ரலில் அந்நாட்டின் உணவு மருந்து நிர்வாகம் சில வகை மருந்துகளில் விலங்குப் பரிசோதனையைப் படிப்படியாகக் குறைக்கப் போவதாக அறிவித்தது. அதே மாதத்தில் தேசியச் சுகாதார நிறுவனங்களும் மனிதச் செல்களையும் கணினி மாதிரிகளையும் கொண்ட ஆய்வுக்கு முன்னுரிமை என்றன. எலிக் குரல் ஆய்வாளர்களுக்கு இது இரண்டு பக்கமும் கூர் உள்ள கத்தி. ஒரு பக்கம், எலியே வேண்டாம் என்று ஆகலாம். இன்னொரு பக்கம், ஊசி போடாமல், அதிர்ச்சி கொடுக்காமல், காதால் கேட்டு மட்டும் வேதனையை அறியும் முறை என்பதால், குறைந்த எலிகளை வைத்து அதிகம் தெரிந்துகொள்ளலாம், வேதனைப்படும் எலியை உடனே கவனிக்கலாம் என்று வாதிடலாம். இரண்டாவது வாதத்தில் எனக்கு அனுதாபம் உண்டு. போதை என்பது செல்லில் மட்டும் நடப்பதல்ல. ஆசைப்படவும் அவதிப்படவும் ஒரு முழுப் பிராணி வேண்டும். கண்ணாடித் தட்டில் வளரும் நரம்புச் செல்லுக்கு ஏக்கம் என்று ஒன்று இருப்பதாக யாரும் இன்னும் சொல்லவில்லை.

மனிதர்கள் விஷயத்தில் நாம் கொஞ்சம் சுதாரித்துக்கொண்டோம் என்றே தோன்றுகிறது. குரலையோ முகத்தையோ வைத்து ஒருவரின் உணர்ச்சியை ஊகிக்கும் கணினி முறைகளை வேலையிடத்திலும் பள்ளிகளிலும் பயன்படுத்தக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2025 பிப்ரவரி 2 முதல் தடை போட்டிருக்கிறது. மருத்துவத்துக்கும் பாதுகாப்புக்கும் விலக்கு உண்டு. நான் கோபத்தில் இருக்கிறேனா, களைப்பில் இருக்கிறேனா என்று எந்திரம் சொல்வதை மறுத்துப் பேச எனக்கு வாய் இருக்கிறது. எலிக்கு அது கிடையாது. ஆகவே எலிக்குப் பெயர் சூட்டும்போது கூடுதல் கவனம் தேவைப்படும் என்று நினைக்கிறேன். இத்துறையில் இப்போது வருகிற நல்ல கட்டுரைகள் ‘மகிழ்ச்சி ஒலி’ என்று எழுதாமல் ‘50 கிலோஹெர்ட்ஸ், ஏறுமுகம், இத்தனை மில்லிவிநாடி’ என்று வறட்சியாக எழுதுகின்றன. வறட்சியில் ஒரு நேர்மை இருக்கிறது.

2019 செப்டம்பரில் அதே பெர்லின் ஆய்வகத்திலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. எலிகளுக்குக் கண்ணாமூச்சி விளையாடக் கற்றுக்கொடுத்திருந்தார்கள். ஓர் அறை, சில அட்டைப் பெட்டிகள், ஓர் ஆராய்ச்சியாளர், ஓர் எலி. தீனி எதுவும் பரிசாகக் கிடையாது. கண்டுபிடித்தால் கிச்சுகிச்சு, அவ்வளவுதான். சில எலிகள் கண்டுபிடிக்கப்பட்ட பிறகும் ஓடிப்போய் வேறிடத்தில் ஒளிந்துகொண்டு ஆட்டத்தை நீட்டித்தன. தேடும் முறை வந்தபோது நிறையக் குரல் எழுப்பின. தாங்கள் ஒளிந்திருக்கும்போது மட்டும் அநேகமாக வாயே திறக்கவில்லை. அந்த நிமிஷங்களின் பதிவை இப்போதுள்ள எந்த மென்பொருளிடம் கொடுத்தாலும், மொத்த ஒலிகள் என்ற இடத்தில் பூஜ்யமோ அதற்குப் பக்கத்தில் ஓர் எண்ணோதான் வரும்.